நூலில் தொங்கும் புள்ளி

சி ரூசா என்று சொன்னதும் பல்கலைக்கழகத் தோழிகள், "கடலோரமா? கொடுத்து வச்சவ நீ!" என்பார்கள். வார இறுதியில் போர்ட்டிக்சன் கடற்கரைச் சாலைக்கு வந்து போகிறவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால், அதே 71050 அஞ்சல் குறியீட்டுக்குள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே போனால் தோட்டங்கள் வரும். முன்பு ரப்பர், இன்று பெரும்பாலும் செம்பனை. நான் அலையைப் பார்த்து வளர்ந்தவள் அல்லள். செம்பனை மட்டையைப் பார்த்து வளர்ந்தவள். கடல் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மாலையில் மட்டும்தான்.

நான் எழுத வந்தது கையால் செய்யும் வாழ்த்து அட்டைகளைப் பற்றி. அட்டையின் நடுவில் சன்னல்போல வெட்டி, அதில் ஓர் உருவத்தை நூலில் தொங்கவிட்டால், அது எதையும் தொடாமல் மிதப்பதுபோல் இருக்கும். அட்டையைத் திறந்தால் ஆடும். சில வேளை சுற்றும். பேரவைத் தோழர்கள் பலர், "இதை எங்கே கற்றாய்?" என்று கேட்டிருக்கிறார்கள். கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்குக் காட்சிக்கலைக் கல்விப் பாடத்தில் 'மொபைல்' செய்தது நினைவிருக்கும். மணிலா அட்டையில் மீனும் நட்சத்திரமும் வெட்டி, துணி மாட்டும் கம்பியில் நூலால் கட்டி, வகுப்பறைச் சன்னலில் தொங்கவிடுவோம். மின்விசிறி சுழன்றால் எல்லாம் ஆடும். அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் செய்த அசையும் சிற்பங்களுக்கு 1931இல் மார்செல் டுஷாம்ப் வைத்த பெயர்தான் 'மொபைல்' என்பதைப் பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகே படித்து அறிந்தேன். எங்கள் ஆசிரியை அதையெல்லாம் சொல்லவில்லை. "எந்த இடத்துல புடிச்சா சாயாம நிக்குதோ, அங்க நூலைக் கட்டு" என்று மட்டும் சொன்னார். இன்றுவரை அந்த ஒரு வரியை வைத்துத்தான் வேலை செய்கிறேன்.

2016ஆம் ஆண்டில் எங்கள் வீட்டில் இரண்டு இடமாற்றங்கள். நான் தமிழ்ப்பள்ளியை முடித்துத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனேன். அதே ஆண்டு என் அம்மாவின் அம்மா, லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டுக் கிள்ளானில் மாமா வீட்டோடு போய்விட்டார். மாமா இருப்பது மலிவு விலை அடுக்குமாடியில், ஒன்பதாவது மாடி. முப்பது வருடத்துக்கு மேல் விடியற்காலையில் பெரட்டுக்குப் போய்ப் பால் வெட்டிய பாட்டிக்கு, ஒன்பதாவது மாடியில் விடிந்து என்ன, விடியாவிட்டால் என்ன? தொலைபேசியில் பேசினால், "சாப்பிட்டியா? அம்மா சாப்பிட்டாளா? சரி, வச்சிடு" என்பதோடு முடிந்துவிடும். பாட்டிக்குத் தொலைபேசியில் பேசத் தெரியாது. அதில் கத்தத்தான் தெரியும்.

தீபாவளி நெருங்கியது. பாட்டிக்கு வாழ்த்து அட்டை அனுப்பலாம் என்று சொன்னபோது அம்மா சிரித்தார். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சம்பளம் வாங்கியதெல்லாம் பெருவிரல் ரேகை வைத்துத்தான். உலகத்தில் முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையை 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் அச்சடித்தாராம். வந்து குவிந்த கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுத அவருக்கு நேரமில்லையாம். எழுத நேரமில்லாதவர் கண்டுபிடித்த பொருளைப் படிக்கத் தெரியாதவருக்கு எப்படி அனுப்புவது? கடையில் விற்ற அட்டைகளில் குத்துவிளக்கும் மயிலும் மினுக்கோடு இருந்தன. பாட்டிக்கு மயிலோடு என்ன பழக்கம்?

பாட்டிக்குப் பழக்கமானது பால்மரம். எங்கள் தோட்டத்தில் பழைய மரங்களை வெட்டிச் செம்பனை நட்டுவிட்டாலும், ஓடையோரம் சில ரப்பர் மரங்கள் தப்பித்து நின்றன. அந்த இலையையே அட்டைக்குள் மிதக்கவிடலாம் என்று தோன்றியது. பச்சை இலையை அப்படியே வைத்தால் சுருண்டு கருத்துவிடும். நரம்பை மட்டும் எடுக்க வேண்டும்.

இலை நரம்பு எடுப்பது கடினமான வேலையில்லை, நாற்றமான வேலை. முற்றிய இலைகளைப் பறித்து வாளித் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறப்போட வேண்டும். இலையின் சதை அழுகிக் கரையும். நரம்பில் லிக்னின் என்ற உறுதியான பொருள் இருப்பதால் அது தாக்குப்பிடிக்கும். பிறகு பழைய பல்தூரிகையால் மெல்லத் தட்டித் தேய்த்தால் சதை வழிந்துபோய் வலைபோல நரம்பு நிற்கும். குளோரோக்ஸ் கலந்த நீரில் சிறிது நேரம் போட்டால் வெளுக்கும். நாளிதழுக்கு நடுவில் வைத்துக் காயவிட வேண்டும். சலவைச் சோடா போட்டுக் கொதிக்க வைத்தால் ஒரே நாளில் முடியும், ஆனால் ஓரம் கிழியும். எனக்கு அது பிடிக்கவில்லை. வாளியை மூடியே வைக்க வேண்டும். இல்லையென்றால் ஏடிஸ் கொசு முட்டையிடும், சுகாதார அதிகாரிகள் வந்தால் 500 வெள்ளி அபராதம். "ஒரு தீபாவளி அட்டைக்கு 500 வெள்ளியா?" என்று அப்பா தினமும் மூடியைச் சரிபார்த்தார். தாய்லாந்தில் இதே ரப்பர் இலை நரம்பில் பூக்கள் செய்து விற்கிறார்கள். நம் தோட்டங்களில் எத்தனை கோடி இலைகளைக் கூட்டி எரித்திருப்போம்!

இன்னொன்றும் கவனிக்க வேண்டியிருந்தது. ரப்பர் மரத்தில் ஒரு காம்புக்கு மூன்று சிற்றிலைகள். மூன்றும் சேர்ந்திருந்தால்தான் பாட்டிக்கு அது பால்மரம். ஒன்றை மட்டும் வைத்தால் அது எந்த மரத்து இலையாகவும் இருக்கலாம். ஆகவே, அட்டைக்குள் அடங்கும் அளவில் மூன்றும் உள்ள காம்பைத் தேடி அலைந்தேன்.

தீபாவளிச் சட்டைப் பெட்டிகளின் மூடியில் கண்ணாடிபோல ஒரு பிளாஸ்டிக் தாள் இருக்கும். அதை இரண்டாக வெட்டி, நடுவில் இலை நரம்பை வைத்து, சன்னலுக்குப் பின்னால் ஒட்டினேன். தாளோடு தாள் ஒட்டிக்கொண்டால் மிதப்பதுபோல் தெரியாது, இடைவெளி வேண்டும். கடையில் அதற்கென்று பஞ்சு ஒட்டுநாடா இருக்கிறது. என்னிடம் இருந்தது தேய்ந்துபோன ஜப்பான் சிலிப்பர். பேனாக்கத்தியால் மெல்லிய துண்டுகளாகச் சீவி நான்கு மூலையிலும் வைத்தேன். இன்றைக்கும் அதுவே என் முறை.

தீபாவளியன்று கிள்ளான் வீட்டில் அட்டையைப் பாட்டியின் மடியில் வைத்தேன். சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். வாழ்த்து, நன்றி எதுவும் சொல்லவில்லை. "எந்த நெரையில பறிச்ச?" என்று கேட்டார். ஓடைப் பக்கம் என்றேன். அந்த நிரையில் வெட்டியவர் யார், எந்த மரம் அதிகம் பால் கொடுக்கும், மழை பெய்தால் மங்கில் தண்ணீர் நிரம்பி அன்றைய கூலி எப்படிப் போகும் என்று அரை மணி நேரம் பேசினார். அந்த வீட்டுக்குப் போன பிறகு அவர் அவ்வளவு பேசியதே இல்லை என்று மாமா அம்மாவிடம் சொன்னாராம்.

அந்த இலைக்கும் ஒரு பயணக்கதை உண்டு. பிரேசிலிலிருந்து 1876இல் ஹென்றி விக்கம் கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அவற்றிலிருந்து வந்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. பாட்டியின் அப்பா அதற்கு எவ்வளவோ காலத்துக்குப் பிறகு கப்பலில் வந்தவர். இரண்டும் ஒன்றையொன்று தேடிக்கொண்டு வந்தவை அல்ல. ஆனாலும், எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறைக்குச் சோறு அந்த மூன்று இலை மரத்திலிருந்துதான் வந்தது.

அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் ஓர் அட்டை. கிளிஞ்சல், மங்கு, பால்வெட்டுக் கத்தி என்று தொங்கும் பொருள் மாறிக்கொண்டே வந்தது. தொங்கவிடுவதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரே அளவில் இரண்டு உருவங்களை வெட்டி, நூலை நடுவில் வைத்து முதுகோடு முதுகாக ஒட்டினால் நூல் மறைந்துவிடும். நூலின் இரு முனைகளையும் சன்னலின் மேலும் கீழும் ஒட்ட வேண்டும். தையல் நூலாக இருந்தால், உருவத்தைப் பத்துப் பதினைந்து சுற்று முறுக்கிவிட்டு அட்டையை மூடலாம். திறந்தவுடன் முறுக்குப் பிரிந்து பம்பரமாகச் சுற்றும். மீன் பிடிக்கும் தங்சி நூல் கண்ணுக்குத் தெரியாது, எங்கள் ஊரில் எந்தக் கடையிலும் கிடைக்கும், ஆனால் ஒட்டுநாடாவிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்துவிடும். முனையில் ஒரு முடிச்சுப் போட்டு ஒட்டினால் நிற்கும்.

இதற்கிடையில் என் தமிழ் என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தேசியப் பள்ளியில் தமிழ் கற்பிக்க வசதி செய்ய வேண்டும். நான் படித்த இடத்தில் வகுப்பு, பள்ளி முடிந்த பிறகுதான் நடந்தது. பேருந்தைத் தவறவிட்டால் வீட்டுக்குப் போக வழியில்லை. பதினைந்து பேரில் ஆறு பேர் வருவோம், சில நாள் நான்கு. ஆசிரியர் தின அட்டையில் மலாயில் எழுதினேன், தோழிகளின் நோன்புப் பெருநாள் அட்டையில் கெத்துப்பாட்டைத் தொங்கவிட்டேன். தமிழ் எழுத்தைக் கையால் எழுதிய இடம் என்று பார்த்தால், அந்தப் பிற்பகல் வகுப்பும் தீபாவளி அட்டையும்தான்.

2020 வந்தது. நவம்பர் 14ஆம் நாள் தீபாவளி. நிபந்தனையுடன் கூடிய நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பில் இருந்ததால் மாநிலம் கடந்து போக முடியாது. கிள்ளானுக்கு நாங்கள் போகவில்லை. அட்டைதான் அஞ்சலில் போக வேண்டும். அந்த ஆண்டு எழுத்துகளையே தொங்கவிடலாம் என்று நினைத்தேன். 'தீபாவளி வாழ்த்துகள்' என்று வெட்ட உட்கார்ந்தபோதுதான் தமிழ் எழுத்தின் குணம் தெரிந்தது. ஆங்கில எழுத்துகளில் சின்ன 'ஐ', 'ஜே' தவிர மற்றவை ஒரே துண்டாக வரும். தமிழில் 'பா', 'வா' இரண்டுக்கும் கால் தனியாகக் கழன்றுவிடும். ழ், த், ள் என்று மூன்று புள்ளிகளும் கீழே விழுந்து மேசையடியில் காணாமல் போகும்! 'வாழ்த்துகள்' என்பதே சரி, 'வாழ்த்துக்கள்' அன்று என்று வாதாடும் இலக்கண ஆசிரியர்களை அன்று மனமார வாழ்த்தினேன். எனக்கு ஒரு புள்ளி மிச்சம்.

ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள், எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும் என்பார்கள். படிக்கிறவர்தான் புள்ளியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனித் தங்சி நூலில் கட்டினேன். எழுத்துகளை அடியில் ஒட்டிவிட்டு, புள்ளிகளை மட்டும் மேலே மிதக்கவிட்டேன். அஞ்சலில் நசுங்காமலிருக்க பிஸ்கட் பெட்டி அட்டையை இருபுறமும் வைத்துக் கட்டி அனுப்பினேன்.

அட்டையைப் பிரித்தது மாமா மகள். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. தேசியப் பள்ளியில் படித்தவள். பாட்டியோடு தமிழில் நன்றாகப் பேசுவாள், படிக்கத் தெரியாது. அந்த வீட்டில் மூத்தவருக்கும் இளையவளுக்கும் என் எழுத்து ஒன்றுதான். புலனத்தில் காணொளியில் அழைத்தாள்.

"அக்கா, மேல தொங்கி ஆடுதே, அந்த மூணு டாட் எதுக்கு? அழகுக்கா?"

அழகுக்கு இல்லை என்றேன். 'பால்' என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். பிறகு புள்ளியை விரலால் மறைத்தேன். "இப்ப இது 'பால'. புள்ளி இருந்தாத்தான் பாட்டி வெட்டின பால்." பின்னால் பாட்டியின் குரல் கேட்டது: "என்னாடி பாலு?"

அதன் பிறகு ஒவ்வோர் அட்டையிலும் அவளுக்காக ஓர் எழுத்து தொங்கியது. அவள் அதற்காகத் தமிழ் வகுப்பில் சேரவில்லை. இன்றும் நாளிதழைக் கொடுத்தால் எழுத்துக் கூட்டிக்கூட்டித்தான் படிக்கிறாள். ஐந்து ஆண்டுகளில் கொஞ்சம் எழுத்துகள், அவ்வளவுதான். தூக்கிச் சொல்ல ஒன்றுமில்லை.

பாட்டிக்கு இனிப்புநீரால் பார்வை மங்கிக்கொண்டே போனது. வெளிச்சத்தில் பிடித்தாலும் இலை வெறும் நிழலாகத்தான் தெரிகிறது என்றார். ஆகவே, 2022இல் பிளாஸ்டிக் தாளை எடுத்துவிட்டேன். இலை நரம்பைத் திறந்த சன்னலில் தொங்கவிட்டேன், விரலால் தடவிப் பார்க்கட்டும் என்று. அதற்காக நரம்பின் பின்னால் மெல்லிய பசையை இரண்டு முறை பூசிக் காயவிட்டு உறுதியாக்கினேன். அட்டை அழகில் குறைந்துவிட்டது, உண்மைதான். பாட்டி நடுநரம்பைத் தொட்டு, கிளை நரம்புகள் வழியாக விரலை ஓட்டி, மூன்று இலைகளையும் எண்ணினார்.

2024 தீபாவளிக்கு நாங்கள் கிள்ளானுக்குப் போனபோது, என் அட்டைக்கு முன்னால் மாமா மகள் தன் அட்டையைப் பாட்டியிடம் நீட்டினாள். அவளே செய்தது. தடித்த மணிலா அட்டையில் 'பால்' என்று இரண்டே எழுத்து. 'ப'வுக்குப் பக்கத்தில் கால் கொஞ்சம் சாய்ந்திருந்தது. 'ல'வின் மேல் வெள்ளைப் பாசிமணி ஒன்று நூலில் தொங்கியது. நூல் நிற்காமல் வழுக்கியதால், மேல்முனையில் பசையைக் கொட்டியிருந்தாள். அது மணிவரைக்கும் வழிந்து காய்ந்திருந்தது.

பாட்டி விரலால் எழுத்தைத் தடவினார். மேலே போய் மணியைத் தொட்டார். மணி ஆடியது. மறுபடியும் தொட்டு, வழிந்து காய்ந்த பசையை நகத்தால் நிரடிப் பார்த்தார்.

"என்னாது இது?"

"பால், பாட்டி. பால்னு எழுதியிருக்கேன். அது புள்ளி."

"இது பாலு இல்ல" என்றார் பாட்டி, பசையை இன்னும் நிரடிக்கொண்டே. "ஒட்டுப்பாலு. இதுக்குக் கூலி கொறச்சல்தான் போடுவான்."