காட்டைத் தாண்டுவது

சந்தர்ப்பத்துக்கு ஒன்று என்று ஆங்கில மரபுத்தொடர்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வித்த பள்ளிக்கூடம் எனக்கு வாய்த்தது. மழை பலத்தால் பூனையும் நாயும். குடித்துத் தள்ளாடினால் காற்றில் மூன்று 'ஷீட்'. ஷீட் என்பது பாயல்ல, பாயின் மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிறு. அது அவிழ்ந்தால் பாய் படபடக்கும், கப்பல் தள்ளாடும். 'பை அண்ட் லார்ஜ்' என்பதும் கப்பல்காரன் பேச்சுத்தான். எதிர்க்காற்றை ஒட்டிப் போவது 'பை'; காற்றைப் பின்னால் வாங்கிப் போவது 'லார்ஜ்'. இன்று அதற்குப் 'பொதுவாக' என்பதற்கு மேல் அர்த்தமில்லை. ஆங்கிலேயனுக்கே அதில் கடல் வற்றிவிட்டது. ஆர்வெல் 1946ல் எழுதிய கட்டுரையில் இப்படிச் செத்தும் சாகாத உருவகங்களைத்தான் சாடினார். கோட்டில் கால்விரல் வைத்து நிற்பதைச் சொல்லும் தொடரைக் கயிறு கட்டி இழுப்பதாகச் சிலர் எழுதிவிடுகிறார்கள் என்று அவர் காட்டிய உதாரணம் போதும். எழுதுகிறவன் எதையும் பார்க்கவில்லை.

இது வெறும் பாஷைப் பிரச்னை அல்ல என்று எனக்கு உறைத்தது ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில். அப்பாவுக்கு மாரடைப்பு. மூன்றாம் நாள் டாக்டர் வெளியே வந்து, இன்னும் காட்டைத் தாண்டவில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். "என்னடா சொல்றார்?" அந்தத் தொடர் எனக்குப் பத்து வயசிலேயே மனப்பாடம். ஆனால் தமிழில் காடு வேறு இடம். வீடு போ போ என்கிறது, காடு வா வா என்கிறது என்று எங்கள் தெருக் கிழவர்கள் சொல்லிக்கொள்வார்களே, அந்தக் காடு. அவர்களுடைய காட்டில் வழி தப்பும். நடந்தால் வெளியே வந்துவிடலாம். நம்முடையதிலிருந்து யாரும் வருவதில்லை. "இன்னும் ரெண்டு நாள் போகணுமாம்" என்றேன். அவள் மேலே கேட்கவில்லை. (அப்பா பிழைத்து, எட்டு வருஷம் இருந்தார்.)

இதை வைத்துக்கொண்டு, பெயர்த்த தொடரெல்லாம் போலி என்று தனித்தமிழ் நண்பர்கள் முடிவுகட்ட வேண்டாம். அரும்பொட்டில் தப்புவதை ஆங்கிலத்தில் 'பல்லின் தோலால் தப்புவது' என்பார்கள். பல்லுக்கு ஏது தோல்? யோபுவின் புலம்பலில் வரும் ஹீப்ரு வார்த்தைகளை 1560ன் ஜெனீவா பைபிள்காரர்கள் சொல்லுக்குச் சொல் அப்படியே வைத்தார்கள். 1611ல் ஜேம்ஸ் மன்னரின் பைபிளும் அதை விட்டுவைத்தது. விளங்காததை விளங்காததாகவே வைக்கிற துணிச்சல் அது. நாமோ 'தலை தப்பினது தம்பிரான் புண்ணியம்' என்போம். யோபு அதைச் சொல்லியிருக்க முடியாது. அவனைப் போட்டு வதைத்துக்கொண்டிருந்ததே தம்பிரான்தான்.

'பனிப்பாறையின் நுனி' என்று நம் கவிஞர்கள் எழுதும்போது இப்படி எதுவும் நடப்பதில்லை. இங்கே யாரும் பனிப்பாறை பார்த்ததில்லை என்பதல்ல என் புகார். ஜெனீவாக்காரர்களும்தான் பல்லின் தோலைப் பார்த்ததில்லை. இவர்களுக்கு அது தண்ணீராகக்கூட இல்லை; 'கொஞ்சம்தான் தெரிகிறது' என்பதைச் சற்று நீட்டிச் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.