மழைக்காட்டில் ஒரு துவக்கு

“இஞ்சாருங்கோ, துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஊரை விட்டு வந்தனாங்கள். இப்ப அதைக் காசு குடுத்து வாங்கப் போறியளோ?”

நியூசிலாந்தில் துவக்கு உரிமத்துக்கு நான் விண்ணப்பித்த அன்று மனைவி கேட்டது. என்னிடம் பதில் இருக்கவில்லை. பயந்த பொருளை ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்கும் ஆசையாக இருந்திருக்கலாம்.

வேட்டை பழக்கியவர் வேலையிடத்து நண்பர். இங்குள்ள செம்மான்களும் வந்தேறிகள்தான். 19ஆம் நூற்றாண்டில் கப்பலில் கொண்டுவந்து விடப்பட்டவை. அவை பெருகினால் காட்டின் இளங்கன்றுகள் தப்பாது. அதனால் அனுமதி பெற்று வேட்டையாடலாம். நாங்கள் போவது தென்தீவின் பியோர்ட்லாண்ட் பக்கம். அங்குள்ள மில்போர்ட் சவுண்டில் ஆண்டுக்கு 6,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை.

முதலில் வாங்கியது மரப்பிடி வைத்த பழைய .308 ரைபிள். பார்க்க அழகு. இரண்டு நாள் மழையில் மரம் ஊதிக் குழலை நெருக்கியது எனக்குத் தெரியாது. பெண்மான் ஒன்றின் நெஞ்சுக்குக் குறி வைத்தேன், வயிற்றில் பட்டது. இருட்டும்வரை இரத்தத் தடம் பார்த்துத் தேடினோம். மழை தடத்தைக் கழுவிவிட்டது. திரும்பி வந்து தாளில் சுட்டுப் பார்த்தபோது, 100 மீற்றரில் குறி ஒரு கையகலம் விலகியிருந்தது.

இப்போது இருப்பது துருப்பிடிக்காத எஃகுக் குழலும் பிளாஸ்டிக் பிடியும் கொண்டது. பெயர்தான் அப்படி, ஈரத்தோடு விட்டால் அதிலும் துரு ஏறும். குழல்வாயில் ஒரு துண்டு டேப் ஒட்டுவேன். மழையும் சேறும் உள்ளே போகாது. சுடும்போது குண்டுக்கு முன்னே வரும் காற்றே அதைப் பிய்த்துவிடும். இரவில் குடிலின் அடுப்படிக்குக் கொண்டுபோவதில்லை. குளிர்ந்த இரும்பு சூட்டில் வேர்க்கும். குண்டுகளை எடுத்து, போல்ட்டைக் கழற்றி, கண்படும் குளிர்ந்த மூலையில் வைப்பேன்.

போன மாதம் வீட்டில் துடைத்து எண்ணெய் பூசிக்கொண்டிருந்தேன். மனைவி பார்த்துக்கொண்டு நின்றார்.

“மானுக்கு நோகாமல் இருக்கவோ இவ்வளவு பாடு?”

“ஓம். ஒரே வெடியில முடியவேணும்.”

“சுடாமல் விட்டால் இன்னும் நோகாது.”

காட்டின் கன்றுகளைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. போல்ட்டைத் தனியே பூட்டி வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன்.