அளக்கும் கருவியின் நேர்மை

புதுச்சேரிக்குத் தெற்கே, வங்கக் கடலின் ஓரத்தில் அமைந்தது வீராம்பட்டினம் என்னும் மீனவர் ஊர். கடலுக்குச் செல்லும் எந்திரப் படகுகள் பலவற்றில் விளக்கெரிக்கவும், கம்பியில்லாக் கருவியால் பிறரோடு பேசவும் பாட்டரி வேண்டும். நடுக்கடலில் பாட்டரி ஓய்ந்தால் படகு ஊமையாகிவிடும். உதவிக்கு அழைக்கவும் வழியிராது. ஆதலின், கரையிலேயே அதன் வலிமையை அறிதல் வேண்டும். அதற்குத் துணை செய்வது மல்ட்டிமீட்டர்.

மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை ஆகிய மூன்றையும் அளக்க முன்னாளில் வெவ்வேறு கருவிகளைச் சுமந்து செல்லவேண்டியிருந்தது. பிரிட்டிஷ் அஞ்சல் துறைப் பொறியாளர் டொனால்டு மெக்காடி என்பார் அவற்றை ஒன்றாக்கினார். 'அவோமீட்டர்' என்னும் பெயருடன் அது 1923-இல் விற்பனைக்கு வந்தது.

இன்று மல்ட்டிமீட்டர்கள் பல வகை. படகுக் கருவிகளைப் பழுதுபார்க்கும் இளைஞன் ஒருவன், மலிவான ஒன்றை வாங்கினான் என்று கொள்ளுங்கள். 12 வோல்ட் ஈயப் பாட்டரி நிறைந்து ஓய்ந்திருக்கையில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். பாதி குறைந்தால் ஏறத்தாழ 12.2 வோல்ட் காட்டும். கருவி நூற்றுக்கு மூன்று பங்கு மிகுத்துக் காட்டினால், பாதிப் பாட்டரியும் நிறைந்ததாகவே தோன்றும். திரையில் இலக்கங்கள் பல ஒளிர்வதால் அளவு மெய்யாகிவிடாது. அவன் சொல்லை நம்பிக் கடலேறுவோரின் உயிர் அன்றோ அவ்விலக்கங்களில் தொங்குகிறது!

மெய்யை அறிவது எங்ஙனம்? அறிந்ததைக்கொண்டே அறியாததை அளத்தல் வேண்டும். வீராம்பட்டினத்தை அடுத்த அரிக்கமேட்டில் 1945-இல் அகழாய்வு நடத்திய மார்ட்டிமர் வீலர், காலம் அறியப்பட்ட இத்தாலிய மட்கல ஓடுகளைக்கொண்டே அங்குள்ள மண்ணடுக்குகளின் காலத்தைக் கணித்தார். அவ்வாறே புதிய மீட்டரையும், முறைப்படி சரிபார்க்கப்பெற்ற மற்றொன்றையும் ஒரே பாட்டரியில் வைத்து ஒப்பிடல் வேண்டும்.

பிழை எவ்வளவு என்பதைக் கருவியோடு வரும் குறிப்பேட்டில் படித்தறிக. மின்தடை அளவில் இரு முனைகளையும் சேர்த்தால் சுழியை ஒட்டிய எண் வருகிறதா, மீண்டும் மீண்டும் அளந்தாலும் அதே அளவு வருகிறதா என நோக்குக. வீட்டின் 230 வோல்ட் மின்சாரத்தைத் தொடுவதாயின், அதற்கேற்ற காப்பு வகையும் உருகியும் உறுதியான கம்பிகளும் இருத்தல் இன்றியமையாதது. கருவியின் உள்ளிருக்கும் பாட்டரி தளர்ந்தாலும் அளவு பொய்க்கக்கூடும்.

பிறவற்றை அளக்க வந்த கருவி, முதலில் தானே அளக்கப்படல் வேண்டும். மனிதர்க்கும் இது பொருந்தும்.