சுண்டெலியின் வயிறும் மழலையின் வயிறும்

போலியோ சொட்டு மருந்து நாளன்று ஆவடியிலும் அம்பத்தூரிலும் பேரப்பிள்ளைகளை இடுப்பில் ஏந்தி வரிசையில் நின்றவர்கள் நாம். நாவில் விழும் அந்தத் துளிகள் சென்று சேரும் குடலில், கோடானுகோடி நுண்ணுயிர்கள் முன்னரே குடியிருக்கின்றன. அவற்றைப் பற்றி அறிஞர் கற்றவற்றுள் பெரும்பகுதி ஆய்வுக்கூடச் சுண்டெலிகள் தந்ததே.

2011இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், குடல் நுண்ணுயிர்களை மருந்தால் அழித்த சுண்டெலிகளைப் போலியோக் கிருமி அவ்வளவாகத் தாக்கவில்லை. பரவுவதற்கு அந்தக் கிருமிக்கே நுண்ணுயிர்களின் துணை வேண்டியிருந்ததாம்!

ஆவடியைக் கடந்து செல்லும் இரயிலில் காட்பாடியில் இறங்கித்தான் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போக வேண்டும். அங்கே வினா வேறு: ஏழை நாட்டுக் குழந்தைகளிடம் சொட்டு மருந்து ஏன் குறைவாகப் பலிக்கிறது? 6 முதல் 11 மாதம் வரையான 754 குழந்தைகளுள் ஒரு பாதியினருக்கு மூன்று நாள் அசித்ரோமைசின் கொடுத்து, பின்னர்ச் சொட்டு மருந்து அளித்தனர். 2016இல் முடிவு வெளியாயிற்று. குடலில் நோய் தரும் பாக்டீரியாக்கள் குறைந்தன. சொட்டு மருந்தின் பலனோ கூடவில்லை.

சுண்டெலியைக் குறை கூறுவதற்கில்லை. ஒரே தீனி, தூய கூண்டு, தன் எச்சத்தையே தின்னும் வழக்கம் என அதன் வாழ்வு வேறு. 2005இல் ஆராய்ந்தபோது, அதன் குடலில் கிடைத்த மரபுத் தடயங்களில் 85 விழுக்காடு மனிதரிடம் அதுவரை காணாத பேரினங்களைச் சேர்ந்தவை. தாய்ப்பால் குடித்து, தெருமண்ணில் தவழும் நம் பிள்ளையைப் பற்றிப் பிள்ளையிடமே கேட்க வேண்டியிருக்கிறது.

பலன் உண்டா என்று அறியாமலே தம் மழலைகளை ஒப்புக்கொடுத்த அந்த வேலூர்த் தாய்மாரின் பெயர்கள் ஆய்வேட்டில் இல்லை. விசுவாசிகளின் மன்றாட்டில் நோயாளருக்கும் மருத்துவருக்கும் அடுத்து அவர்களையும் சேர்த்துச் சொல்ல நமக்கு ஆசை.