பனிச்சைக்கு உறவான மட்டை

என்னுடைய டிரைவர் மட்டையின் தலை கருங்காலி என்று முதலில் சொன்னவர், நுவரெலியா கோல்ஃப் திடலில் எனக்குப் பை தூக்கிய கேடி. "கருங்காலிங்க ஐயா. ஒங்க மட்டக்களப்புப் பக்கத்து மரம்" என்பார். வங்கி வேலையில் மாற்றலாகி நான் மலைநாட்டுக்குப் போயிருந்த காலம் அது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோது நாடு திரும்பிய துரை ஒருவர் விட்டுப்போன செட், கை மாறிக் கை மாறி என்னிடம் வந்திருந்தது. மட்டைகளில் நீளமானது டிரைவர். முதல் அடிக்கு உரியது. இப்போது அதன் தலை உலோகம். அந்த நாளில் மரத்தில் செதுக்குவார்கள். என்னுடையதற்குக் கறுத்த மெருகு, அடியில் பித்தளைத் தகடு, கழுத்தில் மெழுகு நூல் சுற்று.

அவர் பேச்சை நம்புவதற்குக் காரணமும் இருந்தது. கிழக்குக் காடுகளின் கருங்காலி ஒல்லாந்தர் காலத்திலும் பிரித்தானியர் காலத்திலும் கப்பலேறிய சரக்கு. எங்கள் காட்டில் வெட்டிய மரம் கடல் கடந்து, மட்டையாகித் திரும்பவும் இந்தத் தீவுக்கே வந்திருக்கிறது என்று நினைக்கும்போது மனதுக்கு நன்றாக இருந்தது. ஊருக்கு வந்த பிறகும் அந்த நினைப்பு போகவில்லை. போர்க்காலத்தில் பை பரணில் கிடந்தது. அப்படி ஒரு நீளமான பையோடு சோதனைச் சாவடியைக் கடப்பது யாருக்கும் வேண்டாத வேலை. மட்டக்களப்பில் கோல்ஃப் திடலும் இல்லை. எங்களுக்குக் கிட்டியது திருகோணமலை சீனக்குடாவில் விமானப்படை நடத்தும் திடல்தான்.

சில வருடங்களுக்கு முன் கருங்காலி மாலை மோகம் தமிழ்நாட்டில் கிளம்பி இங்கேயும் வந்தது. கடைக்குக் கடை கறுப்பு மணி தொங்கியது. அசலா, சாயம் பூசியதா என்று ஆளுக்கு ஆள் உரசிப் பார்த்தார்கள். அப்போதுதான் என் மட்டையின் சங்கதியையும் ஒருமுறை தீர விசாரித்துவிட வேண்டும் என்று தோன்றியது.

அமிர்தகழியில் தோணி கட்டும் ஓடாவி ஒருவரிடம் கொண்டுபோனேன். மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மரத்தின் ரேகை ஒரே ஓட்டமாகப் போகிறதா, அடுக்கடுக்காக நிற்கிறதா என்பதுதான் அவருடைய முதல் கவலை. அது சரியான கேள்வி. மலிவான தலைகளை மேப்பிள் மரத் தகடுகளை ஒட்டிச் செய்வார்கள். என்னுடையது ஒற்றைக் கட்டை. பிறகு சிறிய திருப்புளியால் பித்தளைத் தகட்டைக் கழற்றினார். உள்ளே காசு அகலத்தில் ஒரு துளை, துளை நிறைய ஈயம்.

"இதை ஆரு ஊத்தினது? கள்ள நிறையா சேர்?" என்று கேட்டார்.

கள்ள நிறை இல்லை. தலை இவ்வளவு கனம் இருக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்துத் தொழிற்சாலையிலேயே ஊற்றுவது அது. தகட்டின் கீழே மெருகு படாத இடத்தை அவர் ஈரத் துணியால் துடைத்தார். வெளிறிய பால் நிறம். நடுவில் மண்ணிறக் கீற்று இரண்டு. பெருவிரல் நகத்தை ஊன்றிப் பார்த்தார், இறங்கவில்லை. "கருங்காலிண்டா உள்ளுக்கும் கறுப்பு. இதுல மேலதான் கறுப்பு, சாயம். ஆனா நல்ல நெருக்கமான மரம். நம்மட ஊர் மரம் இல்ல சேர்" என்று தீர்த்துவிட்டார்.

கருங்காலி இல்லையென்றால் வேறு என்ன? பழைய மட்டைகளைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் ஒரே மரத்தைத்தான் சொல்கிறார்கள்: பெர்சிமன். அமெரிக்காவின் தென்கிழக்கில் தானாக வளரும் பழமரம். ஸ்கொட்லாந்துக்காரர்கள் முதலில் பீச், ஆப்பிள், பேரி, முள்மரங்கள் என்று கையில் கிடைத்ததில் தலை செதுக்கினார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பெர்சிமன் வந்தது. அதற்குப் பிறகு ஏறத்தாழ எண்பது வருடம் அதற்கு நிகர் இருக்கவில்லை. நெசவு ஆலைகளில் நாடா செய்வதற்கும் இதே மரத்தைத்தான் தேடி வாங்கினார்கள். மருதமுனையில் கைத்தறி ஓடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவருக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. நாடா நாளெல்லாம் இடிபட வேண்டும், வெடிக்கக் கூடாது, சிராய் கிளம்பி நூலை அறுக்கக் கூடாது, தேயத் தேய வழவழக்க வேண்டும். பந்தை அடிக்கும் மரத்திடம் கேட்பதும் இதுதான்.

தாவரவியல் படித்த என் மருமகளிடம் இதைச் சொன்னேன். "மாமா, அந்தக் கேடி அப்படி ஒன்றும் பிழையாகச் சொல்லவில்லை" என்றாள். பெர்சிமனும் கருங்காலியும் ஒரே பேரினம். டயஸ்பைரஸ் என்பது அதன் தாவரவியல் பெயர். கருங்காலி டயஸ்பைரஸ் எபெனம். பெர்சிமன் டயஸ்பைரஸ் வெர்ஜினியானா. ஒன்றில் வைரம் முழுக்கக் கறுக்கிறது. மற்றதில் வெளிமரமே பெரும்பகுதி, கறுப்பு நடுவில் கொஞ்சம்தான். பீடி சுற்றும் இலையும் இந்தப் பேரினத்து மரத்தில் பறிப்பது என்று சொல்லிவிட்டு, இன்னொன்றும் சொன்னாள். அதுதான் என்னை அசைத்தது. எங்கள் பனிச்சையும் இதே பேரினம்.

பனிச்சை யாருக்குத் தெரியாது? வாகரைப் பக்கம் பனிச்சங்கேணி இருக்கிறது, நகரத்துக்குப் பக்கத்தில் பனிச்சையடி இருக்கிறது, படுவான்கரையில் பனிச்சையடிமுன்மாரி இருக்கிறது. நீர்க்கரையை விரும்பும் மரம். கரும்பச்சை இலை, அடர்ந்த நிழல். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் எங்கள் வாவியில் நைலோன் வருவதற்கு முன் பருத்தி நூல் வலைதான். உப்புத் தண்ணீரில் அது சீக்கிரம் உக்கிப்போகும். அதற்கு மருந்து பனிச்சங்காய். வாகரையில் சந்தித்த ஒரு முதியவர், தகப்பனோடு வலைக்குப் போனவர், அதைச் செய்கிற விதத்தைச் சொன்னார்: "பச்சைக் காயா ஆஞ்சி உரல்ல இடிக்கணும். தொட்டியில தண்ணி விட்டு ஊறவெச்சா மயிர்ச்சாயம் மாதிரிக் கறுத்து வரும். வலைய அதுக்குள்ள அமத்தி எடுத்துக் காயப்போடுவம். கை ஒரு கிழமைக்கு அந்த நிறம்தான்." காயில் உள்ள துவர்ப்புச் சத்து நூலை இறுக்கிக் காக்கிறது. தோல் பதனிடுவதும் இதே வேலைதான். ஏழைத் தொழிலாளியின் வலையைக் காத்த மரமும், பணக்கார விளையாட்டு என்று பெயர் எடுத்ததற்குத் தலை கொடுத்த மரமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

ஆனால் அந்தப் பெயர் கோல்ஃபுக்கு எப்படி வந்தது? மரத்தோடு தொடங்கிய என் தேடல் இதற்குப் பிறகு செலவுப் பக்கம் திரும்பிவிட்டது.

தொடக்கத்திலிருந்தே செலவு வைத்தது மட்டை அல்ல, பந்து. தோல் உறைக்குள் அவித்த இறகைத் திணித்துத் தைத்த பந்து. தேர்ந்த கைக்காரர் ஒரு நாளைக்கு மூன்று நான்குதான் முடிப்பார். மழையில் நனைந்தால் போயிற்று. அதை மாற்றியதும் ஒரு மரம்தான். 1848 அளவில் மலாயாவின் கட்டாபெர்ச்சா மரப்பாலில் பந்து உருட்டக் கற்றுக்கொண்டார்கள். அந்த மரம் எங்கள் இலுப்பையின் குடும்பம். பந்து உடைந்தால் சூடாக்கித் திரும்ப உருட்டலாம். விலை சரிந்தது, சாதாரண ஆட்களும் விளையாட வந்தார்கள். 1898இல் ரப்பர் நூல் சுற்றிய ஹஸ்கெல் பந்து வந்தது. ஆசியக் காடுகளின் பால் இல்லாமல் இந்த விளையாட்டு இவ்வளவு பரவியிருக்காது என்பதே என் எண்ணம்.

பிறகு காற்று மறுபக்கம் வீசியது. 1979இல் டெய்லர்மேட் கம்பனி உருக்குத் தலை டிரைவரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1991இல் கெலவேயின் 'பிக் பேர்தா' வந்தது. 1993இல் பேர்ன்ஹார்ட் லாங்கர் பெர்சிமன் டிரைவரோடு மாஸ்டர்ஸ் போட்டியை வென்றார். அதற்குப் பிறகு அங்கே மரத்தால் வென்றவர் இல்லை. தலை பெருத்துக்கொண்டே போக, 2004இல் 460 கன சென்ரிமீற்றர் என்று வரம்பு கட்ட வேண்டி வந்தது. என் மரத் தலை அதில் பாதிக்கும் குறைவு.

உலோகத் தலை அடிக்க எளிது. நடுவில் படாவிட்டாலும் பந்து ஓரளவு நேரே போகும். வயதானவனுக்கு அது உதவி என்பதை நான் மறுக்கவில்லை, நானும் வைத்திருக்கிறேன். எனக்குப் பிடிக்காதது அதன் வியாபாரம். புது டிரைவர் ஒன்று இன்று 600 அமெரிக்க டொலர் அளவில் விற்கிறது. நம் காசில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் இலட்சம். அடுத்த வருடம் புது நிறத்தில் இன்னொன்றை இறக்கி, பழையது உதவாது என்கிறார்கள். உயர்ரகப் பந்து ஒன்று ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. அது பற்றைக்குள் போனால் தேடுவதற்கு விதி தருவது மூன்று நிமிடம். 2019க்கு முன் ஐந்து. மரத் தலையின் மெருகு போனால் நானே ஆளிவிதை எண்ணெய் தேய்ப்பேன். கழுத்து நூல் அவிழ்ந்தால் வலை பின்னுகிறவர் யாரும் சுற்றித் தருவார். உலோகத் தலை வெடித்தால் எறிவதைத் தவிர வேறு வழியில்லை. பைக்குள் 14 மட்டை வைக்கலாம் என்பது விதி விதித்த மேல் எல்லை. 1938இல் அமெரிக்காவிலும் அடுத்த வருடம் பிரித்தானியாவிலும் அந்த எல்லையைப் போட்டதே ஆட்கள் இருபது முப்பது என்று சுமக்கத் தொடங்கியதால்தான். இன்று கடைக்காரர் 14ஐயும் வாங்கினால்தான் ஆட்டம் என்கிறார். நான் ஏழோடு திருப்தியாக ஆடியிருக்கிறேன்.

செலவில்லாத பகுதி ஒன்று உண்டு. திடலில் நடந்துகொள்ளும் முறை. அதை எனக்குக் கற்றுத் தந்தது எந்தப் புத்தகமும் அல்ல, அதே கேடிதான். பந்து விழுந்து புல்தரையில் பள்ளம் விழுந்தால் கவட்டைக் கம்பியை ஓரத்தில் செருகி, நாலு பக்கமிருந்தும் புல்லை நடுவுக்குத் தள்ளி, உள்ளங்காலால் மெல்ல மிதிக்க வேண்டும். கீழிருந்து நெம்பினால் வேர் அறுந்து புல் பட்டுப்போகும். மணற்பள்ளத்தை விட்டு ஏறுமுன் நம் காலடியை வாரி அழிக்க வேண்டும். மற்றவர் அடிக்க நிற்கும்போது நிழல்கூட அவர் பந்தில் விழக் கூடாது. பின்னால் வருகிறவர்கள் காத்து நின்றால் வழி விட வேண்டும். 2019 திருத்தத்தில் இந்த நடத்தையை முதலாம் விதிக்குள்ளேயே சேர்த்தார்கள், நல்ல வேலை. கோலர் வைத்த சட்டை, இன்ன நீளக் காலுறை என்று வாசலில் நிறுத்துவதை நான் இதோடு சேர்க்கவே மாட்டேன். அது கதவடைக்கும் வழி. காலுறை சரியாக இருக்க, பள்ளத்தை மூடாமல் போகிறவரைப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவரோடு இரண்டாம் முறை நான் ஆடுவதில்லை.

இந்த விளையாட்டு இங்கே யாருடைய கையில் வாழ்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். றோயல் கொழும்பு கோல்ஃப் கிளப் 1879இல் காலிமுகத்திடலில் தொடங்கியது. இன்றுள்ள திடலுக்குள்ளே களனிவெளி ரயில் பாதை போகிறது. நுவரெலியாக் கிளப்பும் அதே நூற்றாண்டில் பிறந்ததுதான். சட்டம் போட்டவர்கள் வெள்ளையர்கள். புல்லை வெட்டி, பந்தைத் தேடி, பையைச் சுமந்து ஆட்டத்தை அறிந்தவர்கள் பக்கத்துத் தோட்டத்து லயங்களின் பிள்ளைகள். இந்தியத் தொழில்முறைப் போட்டிகளில் பெயர் எடுத்த இலங்கையர்களில் என். தங்கராஜா, கே. பிரபாகரன் என்ற பெயர்களைப் பார்க்கும்போது எனக்கு வரும் மகிழ்ச்சி சின்னதல்ல.

பாசிக்குடாவிலோ கல்குடாவிலோ ஒரு திடல் வந்தால் என்ன என்று என்னிடம் கேட்கிறார்கள். பதினெட்டுக் குழித் திடலுக்குச் சாதாரணமாக நூறு ஏக்கருக்குமேல் நிலம் வேண்டும். புல்லுக்கு வெயில் காலம் முழுவதும் நல்ல தண்ணீர் வேண்டும். ஓகஸ்டில் கிணறு உப்புக் கரிக்கும் கரையில் அதைக் கேட்பது நியாயமில்லை. அந்தத் தண்ணீர் குடிக்கவும் வயலுக்கும் வேண்டியது. நான் கேட்பது பள்ளிக்கூட மைதானத்தின் ஒரு மூலை, மாலையில் பத்துப் பிள்ளைகள் நின்று அடித்துப் பழக ஒரு வலை, மூன்று குழி. கிழிந்து ஒதுக்கிய மீன்வலை எங்கள் கரையெல்லாம் கிடக்கிறது, அதைக் கட்டினாலே போதும்.

தொடங்க நினைக்கிறவர் கடைக்குப் போக வேண்டாம். ஏழாம் இலக்க இரும்பு மட்டை ஒன்று, குழிக்குள் உருட்டும் பட்டர் மட்டை ஒன்று, இரண்டும் பழையதாக இருக்கட்டும். டிரைவரை ஒரு வருடம் தொடாதீர்கள். புதிதாக வாங்க வேண்டியது காலணி மட்டும்தான். திடலுக்குப் போனால் கேடியின் கூலியில் மிச்சம் பிடிக்காதீர்கள். அந்தச் செலவு வீண் போகாது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் இருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள்: புது செட் வாங்கியதும் பழையதைக் குப்பைக்குப் போடாமல், ஊருக்கு வரும்போது நாலு மட்டையாவது பெட்டியோடு கொண்டுவாருங்கள். நீளத்தை அறுத்துச் சிறுவர் உயரத்துக்கு ஆக்கி, புதுப் பிடி போட்டுத் தர இங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.