அங்கோர் வாட்டுக்கு எவ்வழி?

கம்போடியாவில் 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்கு எழுப்பிய ஆலயம் அங்கோர் வாட். உல்லாசக் கப்பல்கள் நிற்கும் சிஹானுக்வில் துறைமுகத்திலிருந்து அது நெடுந்தொலைவு. ஆகவே கப்பலை விட்டுவிடலாம். குழுச் சுற்றுலாவில் மொழிக் கவலையில்லை. சைவ உணவும் முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். முதியோருக்கு இது சிறிய உதவியன்று. ஆனால், கிழக்குப் பிராகாரச் சுவரில் ஏறத்தாழ 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடையப்படுகிறது! ஒருபுறம் அசுரர், மறுபுறம் தேவர், நடுவே திருமால். வழிகாட்டி அழைக்கும் நேரத்துக்குள் கண்டு முடிக்கும் காட்சியா அது?

சியம் ரீப் நகரில் தங்கி, மூன்று நாள் நுழைவுச்சீட்டு பெற்று, வாடகை வண்டியில் தாமாகச் செல்வோர் அச்சுவரின் முன் வேண்டுமளவு நிற்கலாம். முழங்கால் வலித்தால் அறைக்குத் திரும்பி மறுநாள் வரலாம். மேல்தளப் படிகள் மிகச் செங்குத்தானவை. பௌத்தப் புனித நாள்களில் அத்தளம் திறப்பதில்லை. நாள் குறிக்குமுன் அதை விசாரித்துக்கொள்வது நலம்.