கரும்பலகை உள்ள வீடு

சிகாகோவில் 2013 மே மாதம், கல்வி வாரியம் ஒரே கூட்டத்தில் ஏறக்குறைய 50 பள்ளிகளை மூட முடிவெடுத்தது. பிள்ளைகள் போதவில்லை என்றார்கள். வகுப்புக்கு 30 பேர் என்பது அவர்கள் கணக்கு. 20 பேர் உட்கார்ந்த அறையில் மூன்றில் ஒரு பங்கு காலி. ஆசிரியையைக் கேட்டால் அதைத்தான் நல்ல வகுப்பு என்பார். இடம் பெயர்ந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகள்.

அப்படி மூடியதில் ஒன்றான ஸ்டூவர்ட் பள்ளி வாடகைக் குடியிருப்பாகிவிட்டது. கரும்பலகைகளைச் சுவரிலேயே விட்டுவைத்திருக்கிறார்கள். படங்களில் பார்த்தேன். இடிக்காமல் விட்டது சரி, வீடானதும் சரி. உறுத்துவது அந்தப் பலகைதான். குடிவந்தவருக்கு அது அலங்காரம். அதில் கூட்டல் போட்ட பிள்ளையின் வீட்டாருக்கு அந்த வாடகை கட்டுப்படியாகுமா? ஞாபகத்தையும் சேர்த்தே விற்றுவிட்டார்கள் என்று எனக்குப் படுகிறது.

நகரின் தெற்கே உள்ள ஓவர்டன் பள்ளியும் அதே ஆண்டு மூடியதுதான். அங்கே 2019-ல் கண்காட்சி வைத்து, அக்கம்பக்கத்தாரைத் திரும்ப உள்ளே அழைத்தார்கள். வீடாக்கும் இடத்திலும் இது முடியாத காரியமல்ல. அந்த ஊரில் பல வட்டாரங்களுக்குப் பள்ளிக்கூடம்தான் வாக்குச்சாவடி. வீடுகள் மேலே இருக்கட்டும். கீழ்க்கூடத்தைத் தெருவுக்கு விடலாம்.